பூங்காவில் இலவச ஓவியப் பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்காவில் ஓவியப் பட்டறை, யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது என்று ஒரு அறிவிப்பு போட்டதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். வர நினைப்பவர்கள் கேட்பவற்றை முதலில் வைத்திருக்கிறேன். இப்படி ஒன்றைத் தாங்களே நடத்த நினைப்பவர்கள் கேட்பவை கடைசியில் இருக்கின்றன. நடுவில் வரைவது பற்றியே கொஞ்சம் நீளமாகப் போகும். திறந்தவெளியில் உட்கார்ந்ததும் எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடங்கள் அவை.

உண்மையிலேயே இலவசமா?

ஆமாம். கட்டணம் இல்லை, முன்பணம் இல்லை, கடைசியில் "பொருட்செலவுக்கு மட்டும்" என்று கை நீட்டுவதும் இல்லை. ஏதாவது வாங்கத்தான் வேண்டும் என்றால் அதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு, வந்த இடத்தில் வசூலிப்பது சரியில்லை. தாள், பென்சில், வண்ணம், பிரஷ் எல்லாம் அங்கேயே இருக்கும். சொந்தப் பொருட்கள் இருந்தால் தாராளமாகக் கொண்டு வாருங்கள். பழகிய பிரஷ் கையில் இருந்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது. வரலாமா?

வாருங்கள். நேர்கோட்டுக்கு ஸ்கேல் இருக்கிறது. தவிர, பூங்காவில் நேர்கோடு கேட்கிற பொருட்கள் என்று பார்த்தால் பெஞ்சும் வேலியும்தான் தேறும். வருகிறவர்களில் நிறையப் பேர் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு வரைவதற்கென்று பென்சிலைத் தொடாதவர்கள். அவர்களுக்கு முதலில் கொடுக்கும் பயிற்சியில் நன்றாக வரைவதற்கு வழியே கிடையாது, அதனால் பயமும் கிடையாது.

கீழே விழுந்து கிடக்கும் ஒரு இலையை எடுத்து இடது கைப் பக்கம் வையுங்கள். தாளில் காம்பு தொடங்க வேண்டிய இடத்தில் பென்சில் முனையை வையுங்கள். அதன் பிறகு தாளைப் பார்க்கவே கூடாது. இலையின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் கண் மெல்ல நகர வேண்டும், அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். விளிம்பில் ஒரு பல் வந்தால் பென்சிலும் அங்கே ஏறி இறங்க வேண்டும். பூச்சி அரித்த ஓட்டை வந்தால் அதையும் சுற்றி வர வேண்டும். ஒரு இலைக்கு ஐந்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

முடிந்ததும் குனிந்து பார்த்தால் கோணல்மாணலாகத்தான் இருக்கும். தொடங்கிய கோடும் முடிந்த கோடும் சேர்ந்திருக்காது. ஆனால் அந்த அரித்த ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமாக இருப்பது, நுனி லேசாக மடங்கியிருப்பது எல்லாம் அதில் இருக்கும். அதே ஆளை மனதிலிருந்து ஒரு இலை வரையச் சொல்லுங்கள்: நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் சரிசமமான வளைவு, அவ்வளவுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு யாருக்கும் பெரிய விளக்கம் தேவைப்படுவதில்லை.

எந்த வயதினர் வரலாம்?

ஆறு வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். மற்றபடி வரம்பு இல்லை. ஒன்று மட்டும் பெற்றோர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளையின் தாளில் நீங்கள் கை வைக்காதீர்கள். கை துறுதுறுத்தால் உங்களுக்கும் ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் தங்கள் படத்தில் மூழ்கிவிட்டால் பிள்ளைகள் இன்னும் நிம்மதியாக வரைகிறார்கள்.

முன்பதிவு கட்டாயமா?

தாள் எத்தனை, வண்ணம் எத்தனை என்று கணக்குப் போடத்தான் பதிவு. பூங்காவுக்கு நடக்க வந்தவர் பார்த்துவிட்டு உட்கார நினைத்தால் இடம் இருக்கும்வரை உட்காரலாம். பதிவு செய்துவிட்டு வர முடியாமல் போனால் ஒரு வரி சொல்லிவிடுங்கள், காத்திருப்பவருக்கு அந்த இடம் போகும்.

என்ன கொண்டு வர வேண்டும்? என்ன உடுத்த வேண்டும்?

தொப்பி, குடிக்கத் தண்ணீர், உட்காரப் பாயோ மடக்கு நாற்காலியோ. பரீட்சை அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள், மடியில் வைத்து வரைய அதைவிட நல்ல பலகை இல்லை. அதில் மேலே ஒரு கிளிப்தான் இருக்கும். காற்று அடித்தால் தாளின் கீழ்முனை படபடக்கும், அதற்கு இரண்டு கிளிப் கூடுதலாகக் கொண்டு வாருங்கள்.

உடை பழையதாக இருக்கட்டும், நிறம் அடங்கியதாக இருக்கட்டும். இதில் பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. பளீரென்ற சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் அந்தச் சிவப்பு உங்கள் வெள்ளைத் தாளில் பிரதிபலிக்கும். தாளே லேசாக இளஞ்சிவப்பாகத் தெரியும், கலக்குகிற நிறமெல்லாம் தப்பாகப் போகும். வெள்ளைச் சட்டையும் வெளிச்சத்தைத் தாள்மேல் அடித்துக் கண்ணைக் கூசவைக்கும். கூலிங் கிளாஸும் அப்படித்தான். கண்ணாடியின் நிறத்தைத்தான் வரைவீர்கள். வெயில் தாங்காவிட்டால் அகலமான விளிம்பு வைத்த தொப்பி போதும்.

ஏன் காலையிலும் மாலையிலும் மட்டும்? மதியம் நேரம் ஒதுக்க வசதியாக இருக்குமே?

உடம்புக்கு ஆகாது என்பது ஒரு காரணம். படத்துக்கும் ஆகாது என்பது இன்னொன்று. உச்சிவெயிலில் நிழல்கள் காலடியில் சுருண்டுவிடும். மரத்தின் எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் இருட்டு என்று பிரித்துச் சொல்லக் கஷ்டம். எல்லாம் தட்டையாக, வெளிறித் தெரியும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் ஒரு சாதாரணக் குப்பைத் தொட்டிக்குக்கூட உருண்டை வடிவம் கிடைக்கும்.

நான் வரைந்து முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிடுகிறதே?

நகரத்தான் செய்யும். சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி வீதம் இடம் மாறுகிறது. இரண்டு மணி நேரப் பட்டறையில் 30 டிகிரி. நீங்கள் தொடங்கும்போது பெஞ்சுக்கு அடியில் இருந்த நிழல் முடிக்கும்போது பாதை ஓரத்துக்குப் போயிருக்கும். நிழலைத் துரத்திக்கொண்டே திருத்தினால் படத்தில் இரண்டு சூரியன் இருப்பதுபோல் ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இது. உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரே ஒரு வெளிறிய நீலச்சாம்பலால் எல்லா நிழலையும் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். அதன் பிறகு வெளியே நிழல் எங்கே போனாலும் தாளில் இருப்பதை நம்பி வேலை செய்யுங்கள். இலைகள், மனிதர்கள், பாதையின் கற்கள் எல்லாம் பிறகு நிதானமாக வரலாம்.

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே இதற்கு வேறு வழி வைத்திருந்தார். 1890, 91இல் வைக்கோல் போர்களை வரிசையாக வரைந்தபோது பல கேன்வாஸ்களைக் கூடவே கொண்டுபோய், வெளிச்சம் மாறியதும் ஒன்றை எடுத்துவைத்துவிட்டு அடுத்ததில் தொடர்வார். மறுநாள் அதே நேரத்துக்கு அதே கேன்வாஸ். நமக்கு இருப்பது ஒரு தாள், ஒரு காலைப்பொழுது. அதனால் பத்து நிமிட வழிதான்.

எங்கே பார்த்தாலும் ஒரே பச்சை. என் படம் முழுக்க ஒரே பச்சைக் குழம்பாகிவிடுகிறது. என்ன செய்ய?

பூங்காவில் வரைபவர்கள் எல்லோருக்கும் வரும் தலைவலி இது. இதைத் தாண்டிவிட்டால் மற்றவை எளிது என்பது என் எண்ணம், அதனால் இதற்கு மட்டும் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், டியூபிலோ கட்டியிலோ இருக்கும் பச்சையை அப்படியே எடுத்துப் பூசாதீர்கள். எந்தச் செடியும் அந்த நிறத்தில் இருப்பதில்லை. பச்சையை நீங்களே கலக்குங்கள். அல்ட்ராமரின் நீலமும் லெமன் மஞ்சளும் சேர்த்தாலே ஒரு வரிசைப் பச்சைகள் கிடைக்கும். மஞ்சள் கூடினால் தளிர், நீலம் கூடினால் முற்றிய இலை. அப்புறம் அதில் ஒரு துளி சிவப்போ, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்போ சேர்த்துப் பாருங்கள். பச்சையின் பளபளப்பு அடங்கி, நிஜ இலையின் பக்கம் வரும். துளி என்றால் பிரஷ் நுனியில் ஒட்டிய அளவு. கொஞ்சம் கூடிவிட்டால் பழுப்பாகிவிடும்.

அடுத்து, ஒரே மரத்தைக் கவனித்துப் பாருங்கள். உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும் இலைகள் வழியாக வெளிச்சம் ஊடுருவி வரும், அவை மஞ்சள் கலந்து ஒளிரும். மேல்பக்கம் வானத்தைப் பார்த்திருக்கும் இலைகளில், அதுவும் மெழுகுப் பூச்சு உள்ளவற்றில், வானத்தின் வெளிச்சம் பட்டுத் திரும்பும். அவை நீலச்சாம்பலாக, சில சமயம் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரியும். உள்ளே மறைந்திருப்பவை கறுப்புக்கு நெருங்கிய கரும்பச்சை. ஒரு மரத்திலேயே மூன்று நிறம் ஆயிற்று. இலைக்கு ஒரு பச்சை என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதால்தான் இதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

தூரமும் நிறத்தை மாற்றும். நடுவில் இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் எட்டத்தில் உள்ள மரங்கள் நீலம் கலந்து வெளிறித் தெரியும். பின்னால் இருக்கும் மரவரிசைக்குப் பச்சையில் தண்ணீரும் நீலமும் கூட்டினாலே அது தானாகப் பின்னுக்குப் போய்விடும்.

எது இருட்டு, எது வெளிச்சம் என்று குழம்பினால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இமைகள் ஏறக்குறைய மூடும் அளவுக்கு. சின்னச் சின்ன இலைகள் மறைந்து, இருட்டுத் திட்டுகளும் வெளிச்சத் திட்டுகளும் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளை முதலில் வரைந்தவர்களுக்கு மரம் கிடைக்கிறது. இலை இலையாகத் தொடங்கியவர்களுக்கு நேரம் முடியும்போது கையில் ஒரு கிளை மட்டும் இருக்கும்.

இவ்வளவு பெரிய பூங்காவில் எதை வரைவது?

ஒரு அட்டையில் செவ்வகமாக ஓட்டை வெட்டித் தருவோம். உங்கள் தாளின் நீள அகல விகிதம்தான் அந்த ஓட்டைக்கும். அதை ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால் காட்சி விரியும், கையை நீட்டினால் குறுகும். ஓட்டைக்குள் எது நன்றாக உட்காருகிறதோ அதுவே உங்கள் படம். முதல்முறை வருபவர்களுக்கு என் சிபாரிசு: குளம், பாலம், பூச்செடி எல்லாம் ஒன்றாக வரும் காட்சியைத் தேடாதீர்கள். ஒரு மரத்தின் அடிப்பகுதியும் தரையில் அதன் நிழலும் போதும்.

பூங்காவில் நடப்பவர்களை வரையலாமா?

தூரத்தில் சிறு உருவங்களாக வரையலாம். முகம் அடையாளம் தெரியும் அளவுக்குப் பக்கத்திலிருந்து வரைவதென்றால் கேட்டுவிட்டு வரையுங்கள். தூங்குகிறவரைக் கேட்க முடியாது, அதனால் அவரை விட்டுவிடுங்கள்.

உருவங்களின் அளவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. சமதரையில் நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், ஏறக்குறைய உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், பக்கத்தில் இருந்தாலும் எட்டத்தில் இருந்தாலும், படத்தில் ஒரே கிடைக்கோட்டில் வரும். எட்டத்தில் இருப்பவரின் பாதம் மட்டும் மேலே ஏறும். தரையில் உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு அவர்களின் இடுப்புக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். எல்லோருக்கும் அதே இடத்தில் இறங்கும். இதைத் தெரியாமல் எட்டத்து ஆளை வெறுமனே சின்னதாக்கிக் கீழே நிறுத்தினால் அவர் பள்ளத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

அணிலும் காகமும் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டேன் என்கின்றனவே?

ஒரே தாளில் ஐந்தாறு படங்களைத் தொடங்கிவிடுங்கள். அணில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அந்த வளைவு, குனிந்தால் பக்கத்தில் இன்னொன்று. அது திரும்பவும் நிமிரும்போது முதல் படத்துக்குத் திரும்பி வாலைச் சேருங்கள். விலங்குகள் தங்கள் நிலைகளைத் திரும்பத் திரும்ப எடுக்கும். எதுவும் முழுதாக முடியாவிட்டாலும் பக்கம் நிரம்பியிருக்கும்.

வாட்டர் கலரா, அக்ரிலிக்கா? எண்ணெய் வண்ணம் ஏன் இல்லை?

பொதுப் பட்டறைக்கு வாட்டர் கலர் வசதி. கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் வண்ணம், உடையில் பட்டாலும் பெரும்பாலும் போய்விடும். தாள் மட்டும் கனமாக இருக்க வேண்டும். அச்சு எடுக்கும் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பிவிடும். 300 ஜிஎஸ்எம் தாள் தாங்கும். நல்ல வெயிலும் காற்றும் இருக்கும் நாளில் ஒரு வானத்தைப் பூசி முடிப்பதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளை முன்கூட்டியே ஈரப்படுத்திக்கொண்டால் சமாளிக்கலாம். ஈரக்காற்றான நாளில் நேர்மாறு, காயவே காயாது. பென்சில் வேலையை அந்த இடைவெளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காய்ந்த பிறகு வாட்டர் கலர் வெளிறும். ஈரத்தில் சரியாக இருப்பதாகத் தெரிந்தால் காய்ந்த பின் போதாது. தாள் நிழலில் இருக்கும்படி உட்காருங்கள். நேர்வெயில் பட்ட வெள்ளைத்தாள் கூசும், கூச்சத்தில் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் இருட்டாகப் பூசிவிட்டு வீட்டுக்குப் போய் வருத்தப்படுவீர்கள்.

அக்ரிலிக் சீக்கிரம் காயும், மரப்பலகையிலும் துணியிலும் நிற்கும். குழுவாகச் சேர்ந்து பெரிய பலகை வரைய அதுதான் ஏற்றது. ஆனால் பிரஷில் காய்ந்தால் பிரஷ் போயிற்று, சட்டையில் காய்ந்தால் சட்டை போயிற்று.

எண்ணெய் வண்ணம் காய நாட்கள் ஆகும், அதைக் கரைக்கும் டர்பன்டைனின் வாசனை சிறுபிள்ளைகளுக்கு நல்லதில்லை, அதனால் இல்லை. வெளியே போய் வரையும் பழக்கம் பரவியதற்கு எண்ணெய் வண்ணத்தின் பங்கு பெரியது என்பதும் உண்மை. முன்பெல்லாம் அரைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். குத்தி எடுத்தால் திரும்பச் சரியாக மூட முடியாது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் முழு வண்ணப் பெட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கும் கடற்கரைக்கும் கிளம்புவது எளிதானது. இன்று பற்பசை வருவதும் அதுபோலப் பிதுக்கி எடுக்கும் டியூபில்தான்.

படத்தின் மேல் பூச்சி, தூசி விழுந்துவிட்டால்?

ஈரமாக இருக்கும்போது கையால் தட்டாதீர்கள், தேய்ந்துவிடும். காயவிட்டு ஊதிவிடுங்கள். ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ளட்டும். டச்சு ஓவியர் வான்கோ 1889இல் வரைந்த ஒரு ஆலிவ் மரப் படம் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. 2017இல் அதை உருப்பெருக்கி வைத்து ஆராய்ந்தபோது வண்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அது துடித்த தடயம் வண்ணத்தில் இல்லை, வந்து ஒட்டும்போதே செத்திருந்தது என்றும் சொன்னார்கள். மோனே 1870இல் கடற்கரையில் வரைந்த படம் ஒன்றில் மணல் துகள்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் படத்தில் ஒரு கொசு இருந்தால் குறைந்துபோகாது.

வரைவதைத் தவிர வேறு ஏதாவது உண்டா?

உண்டு. சிறுவர்களுக்கு இலைத் தேய்ப்பு. இலையைக் கவிழ்த்து, நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்து, மெல்லிய தாளை மேலே போட்டு, உறை உரித்த கிரேயானைப் படுக்கைவாட்டில் தேய்த்தால் நரம்பு நரம்பாக எழும்பி வரும். கிரேயானை நிமிர்த்திப் பிடித்தால் வராது, கோடுகள்தான் விழும். மரப்பட்டையிலும் இப்படியே எடுக்கலாம். தாளைப் பிடித்துக்கொள்ள ஒருவர், தேய்க்க ஒருவர். இலையைப் பறிக்க வேண்டாம், விழுந்தவை போதும்.

வெயில் நன்றாக இருந்தால் சயனோடைப் என்ற நீலப்பதிவு. வெளிச்சம் பட்டால் நிறம் மாறும் இரும்பு உப்புகள் பூசிய தாள் அது. மேலே இலையோ இறகோ வைத்து, பறக்காமல் கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் சில நிமிடங்கள் வைக்க வேண்டும். மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த தாள் சாம்பல் நிறமாக மாறும்போது எடுத்துத் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் ஆழ்நீலமாகவும் இலை மறைத்த இடம் வெள்ளையாகவும் தெரியும். அலசும்போது அந்த நீலம் துலங்கி வருவதைப் பார்க்க வயது வித்தியாசமில்லாமல் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றுவிடுவார்கள். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. அடுத்த ஆண்டே ஆங்கிலேயத் தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிவு செய்து நூலாக வெளியிடத் தொடங்கினார். அதைத்தான் புகைப்படங்கள் கொண்ட முதல் நூல் என்று சொல்கிறார்கள். பட்டறைக்கு ஏற்கெனவே பூசிய தாளை வாங்கிவிடுவது உத்தமம். கறுப்பு உறையிலிருந்து தேவைப்படும்போது மட்டும் எடுக்க வேண்டும்.

யாராவது பின்னால் நின்று பார்த்தால் எனக்குக் கை ஓடாது.

மரத்துக்கோ சுவருக்கோ முதுகு கொடுத்து உட்காருங்கள். அதையும் மீறி வந்து "இது என்ன, யானையா?" என்று கேட்பவர் இருப்பார். அவர் கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துவிடுவோம். ஒன்று அவர் உட்கார்ந்துவிடுவார், இல்லையென்றால் நகர்ந்துவிடுவார்.

போட்டி, பரிசு, சான்றிதழ் உண்டா?

இல்லை. பரிசு என்று அறிவித்த நிமிடத்திலிருந்து பிள்ளைகள் எதிரே இருக்கும் மரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வீட்டில் பழகி வந்த இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஓர் ஆறு வரைய ஆரம்பித்துவிடுவார்கள். பெற்றோரின் கையும் உள்ளே வந்துவிடும். கடைசியில் எல்லாப் படங்களையும் கயிற்றில் மாட்டிப் பார்ப்போம், அது உண்டு.

சக்கர நாற்காலியில் வருகிறேன். கை நடுங்கும். பார்வை குறைவு. முடியுமா?

முடியும், பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் இன்னும் வசதி. சக்கர நாற்காலி உள்ளே நுழைய மேசைக்கு அடியில் ஏறக்குறைய 70 செ.மீ. உயரம் காலியாக இருக்க வேண்டும், குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. தரை புல்லாக இல்லாமல் பாதை ஓரமாக இருக்க வேண்டும், ஈரப் புல்லில் சக்கரம் புதையும். கை நடுங்குபவர்களுக்குப் பெரிய தாளும், துணி சுற்றித் தடிமனாக்கிய பிரஷும் தருவோம். விரலை அசைக்காமல் தோளிலிருந்து கை முழுவதையும் ஓட்டினால் நடுக்கம் வெகுவாக அடங்கித் தெரியும். பார்வை இல்லாதவர்களுக்குக் களிமண் இருக்கிறது. பட்டையைத் தடவிப் பார்த்து அதையே மண்ணில் கொண்டுவருவார்கள். நிறம் பிரித்தறிவதில் சிக்கல் உள்ளவர்களுக்காக ஒவ்வொரு வண்ணத்தின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருப்போம்.

மழை வந்தால்?

தூறல் என்றால் மண்டபத்துக்கோ கூரைக்கோ நகர்ந்து பென்சிலோடு தொடரலாம். இடி கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடி வேண்டவே வேண்டாம். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழியாமல் யாரும் திரும்ப வெளியே வரக் கூடாது. ஈரப் படத்தை அவசரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் செருகாதீர்கள், ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு அட்டைகளுக்கு நடுவில், ஓரங்களில் சிறு குச்சி வைத்து இடைவெளி விட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எங்கள் பகுதியில் நாங்களே நடத்தலாமா? எங்கே தொடங்குவது?

பூங்காவைப் பராமரிப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குவதில் தொடங்குங்கள். வாய்மொழியில் "தாராளமாகச் செய்யுங்கள்" என்று சொன்னவர் அன்றைக்கு விடுப்பில் இருப்பார், காவலாளி உங்களை வெளியே அனுப்புவார். எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த மூலை, பந்தல் போடுவீர்களா, பாதையில் சுண்ணக்கட்டியால் வரைவீர்களா என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். அனுமதி கேட்பதற்கு முன்பே, பட்டறை நடக்கப்போகும் அதே நேரத்தில் அந்த மூலையில் போய் உட்கார்ந்து பாருங்கள். நிழல் எப்போது விலகுகிறது, கழிவறை எவ்வளவு தூரம், குழாயில் தண்ணீர் வருகிறதா, பக்கத்தில் பந்து விளையாடுகிறார்களா என்பது அப்போதுதான் தெரியும்.

எத்தனை பேரைச் சேர்க்கலாம்?

ஒரு ஆசிரியர், இரண்டு மூன்று தொண்டர்கள் என்றால் இருபத்தைந்து பேர். சிறுவர்கள் அதிகம் என்றால் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும். அதைவிடக் கூட்டம் சேர்ந்தால் அறிவிப்பில் போடும் படத்துக்கு நன்றாக இருக்கும், கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு நன்றாக இருக்காது.

பந்தலோ தார்ப்பாயோ போடலாமா?

போடலாம், வெள்ளையோ சாம்பலோ. நீலத் தார்ப்பாய்தான் எங்கும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதன் அடியில் உட்கார்ந்தால் தாள், கை, வண்ணம் எல்லாம் நீலமாகிவிடும். அதற்கு ஈடுகட்டி எல்லோரும் மஞ்சளை அள்ளிப் பூசுவார்கள், வெளியே கொண்டுவந்து பார்த்தால் பூங்காவுக்கே மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கும்.

தண்ணீருக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் என்ன ஏற்பாடு?

ஆளுக்கு இரண்டு குவளை, ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று சுத்தமான தண்ணீர் எடுக்க. ஆளுக்கு ஒரு லிட்டர் என்று வைத்தால் இருபத்தைந்து பேருக்கு 25 லிட்டர், மாற்ற இன்னொரு மடங்கு. குழாய் தூரமாக இருந்தால் இதைச் சுமப்பதே பெரிய வேலை, முன்கூட்டியே யாருக்கென்று பிரித்துவிடுங்கள்.

கழுவிய தண்ணீரைச் செடிக்கோ குளத்துக்கோ ஊற்றக் கூடாது. அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக். சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்களும் இருக்கும். சிறுவர்களுக்கு நச்சற்றது என்று குறிக்கப்பட்ட மாணவர் வகை வண்ணங்களை மட்டும் கொடுங்கள். பிரஷைத் தண்ணீரில் விடுவதற்கு முன் பழைய துணியில் துடைத்தாலே பெரும்பகுதி வண்ணம் துணியோடு போய்விடும். மிஞ்சும் தண்ணீரை மூடியுள்ள வாளியில் சேர்த்துக் கொண்டுபோய், ஒருநாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயிலும் அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துக் குப்பையிலும் போடுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது? ஆசிரியர் சும்மா வருவாரா?

கூப்பிட்டால் சிலர் வருவார்கள். ஆனாலும் ஆசிரியருக்கு ஊதியம் கொடுத்துத்தான் அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. பட்டறை இலவசம் என்பது வருகிறவர்களுக்குத்தான். ஓவியரின் ஒரு காலைப்பொழுதும் இலவசம் என்று அதற்குப் பொருள் இல்லை. நன்கொடையாளர்கள், குடியிருப்போர் சங்கம், உள்ளாட்சியின் கலைநிதி என்று கேட்டுப் பாருங்கள். நிறுவனம் ஒன்று பொருள் கொடுத்தால் நன்றி சொல்லிப் பலகை வைக்கலாம். அவர்களின் சின்னத்தைப் பிள்ளைகள் வரைய வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணம் கிடைக்கவே இல்லையா? பென்சிலும் தாளும் வைத்தே நல்ல பட்டறை நடத்தலாம், வண்ணம் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

பட்டறையைப் புகைப்படம் எடுக்கலாமா?

வரைந்த படங்களை எடுக்கலாம். பெரியவர்களைக் கேட்டுவிட்டு எடுக்கலாம். சிறுவர்களின் முகம் என்றால் பெற்றோரின் சம்மதம் பதிவுப் படிவத்திலேயே இருக்க வேண்டும். வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளுக்குக் கையில் ஒரு வண்ண நாடா கட்டிவிட்டால் படம் எடுப்பவருக்குச் சட்டென்று தெரியும்.

யாரும் எடுத்துப் போகாத படங்களை என்ன செய்வது?

தொடங்கும்போதே தாளின் பின்பக்கம் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதச் சொல்லிவிடுங்கள், பென்சிலால். ஸ்கெட்ச் பேனாவால் எழுதினால் முன்பக்கம் ஊறும். அடுத்த பட்டறைவரை வைத்திருந்து ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தத் தாளின் பின்பக்கம் அடுத்தவர்கள் நிறம் கலந்து பார்க்க உதவும்.